அதிரும் இன்ஜின், பகிரும் போட்டியாளர்கள்

போர்ஷே 944 கார் 1982-ல் விற்பனைக்கு வந்தபோது, அந்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டுக்குள் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் காப்புரிமை சுழன்றுகொண்டிருந்தது. 2,479 சிசி கொள்ளளவு, ஆனால் நான்கே சிலிண்டர்கள். அவ்வளவு பெரிய பிஸ்டன்கள் மேலும் கீழும் பாயும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் குலுங்காமல் இருக்க, இன்ஜினின் இரு பக்கமும் இரண்டு பேலன்ஸர் தண்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் அமைப்பு மிட்சுபிஷிக்குச் சொந்தமானது. பந்தயக் களங்களில் பெயர் வாங்கிய ஸ்டுட்கார்ட் நிறுவனம், குடும்பக் கார்கள் செய்துகொண்டிருந்த ஜப்பான் நிறுவனத்துக்கு உரிமத் தொகை கட்டி அதை வாங்கிக்கொண்டது.

ஃபியட்டும் அதே உரிமத்தை வாங்கியது. ஸ்வீடனின் சாப் நிறுவனமும் வாங்கியது. சந்தையில் ஒருவரை ஒருவர் முந்தத் துடிக்கும் நிறுவனங்கள், அதிர்வு என்று வந்துவிட்டால் மட்டும் எப்படி ஒரே மேசையில் உட்காருகின்றன? கார் தொழிலின் நூறு ஆண்டுகளைத் தாண்டிய வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. இன்று நாம் ஓட்டும் கார் நடுங்காமல் ஓடுகிறது என்றால், அதற்குப் போட்டி மட்டும் காரணமல்ல. போட்டியாளர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட குறிப்புகளும் காரணம்.

பிறவியிலேயே வரும் குலுக்கல்

நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருகின்றன. பார்வைக்குக் கணக்கு சரியாக இருக்கிறது. ஒன்றை ஒன்று சமன் செய்துவிட வேண்டும். ஆனால், பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியை வேகமாகவும் கீழ்ப்பாதியை மெதுவாகவும் கடக்கிறது. மேலே இருக்கும் ஜோடியும் கீழே இருக்கும் ஜோடியும் முழுமையாகச் சமன் ஆவதில்லை. மிச்சப்படும் விசை, கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை இன்ஜினை மேலும் கீழும் உதைக்கிறது. பொறியாளர்கள் இதை இரண்டாம் வரிசை அதிர்வு என்கிறார்கள்.

அந்த உதையின் அளவு சாதாரணமானதல்ல. ஒரு பிஸ்டனும் அதோடு சேர்ந்து இயங்கும் பாகமும் 600 கிராம் எடை, கிராங்க்கின் ஆரம் 43 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லிட்டர் இன்ஜினுக்கு இது இயல்பான அளவு. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நான்கு பிஸ்டன்களும் சேர்ந்து உண்டாக்கும் சமனற்ற விசை ஏறக்குறைய 12,000 நியூட்டன். அதாவது ஒரு டன்னுக்கும் மேற்பட்ட சுமை, வினாடிக்கு 200 முறை திசை மாறி மாறி அடிக்கிறது. அந்த இன்ஜின் ஒரு சில ரப்பர் மவுண்ட்டுகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கு எந்தக் கம்பெனியின் ரகசியமும் அல்ல. வடிவியலில் பிறந்த அதிர்வு எல்லோருக்கும் பொது. போட்டியாளர்கள் பேசிக்கொள்ள முடிவதற்கு முதல் காரணம் இதுதான்: நோய் ஒன்றே, மருந்தில்தான் வித்தியாசம்.

இரு வீட்டுக்கும் வைத்தியர்

தீர்வைக் கண்டவர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். 1868-ல் பிறந்தவர். சொந்தப் பெயரில் கார் கம்பெனி நடத்தியவர். கிராங்க்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு எடைத் தண்டுகளை வைத்தால், அவற்றின் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செங்குத்து விசை மட்டும் மிஞ்சி இன்ஜினின் உதையை எதிர்த்து நிற்கும். 1904-ல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு வேறு வியாதி. அதில் பிஸ்டன்களின் விசைகள் அழகாகச் சமனாகிவிடும். ஆனால், நீண்ட கிராங்க்ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு அதிரும். குறிப்பிட்ட வேகத்தில் முறிந்தும் போகும். அந்தக் காலத்தில் ஆறு சிலிண்டர் செய்யத் துணிந்த நிறுவனங்களுக்கெல்லாம் இந்தத் தலைவலி இருந்தது. ரோல்ஸ் ராய்ஸின் ஹென்றி ராய்ஸும் லான்செஸ்டரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், தனித்தனியாக, முறுக்கு அதிர்வைத் தணிக்கும் டேம்பரை நோக்கி வந்து சேர்ந்தார்கள்.

லான்செஸ்டர் 1909-ல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் டெய்ம்லருக்கு ஆலோசகரானார். தன் பெயர் தாங்கிய கம்பெனி ஒரு பக்கம் கார் விற்றுக்கொண்டிருக்க, மறுபக்கம் டெய்ம்லரின் இன்ஜின்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இந்தப் பழக்கம் அமைப்பாகவே வளர்ந்தது. 1905-ல் நியூயார்க்கில் ஆட்டோமொபைல் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஆண்ட்ரூ ரைக்கர். துணைத் தலைவர் ஹென்றி ஃபோர்டு. தங்களுக்குள் வாடிக்கையாளரைப் பறித்துக்கொள்ளும் மனிதர்கள், ஒருவர் கட்டுரை வாசிக்க மற்றவர் எழுந்து கேள்வி கேட்கும் மேடையை உருவாக்கினார்கள்.

அந்த மேடையில்தான் 1976-ல் மிட்சுபிஷியின் ஹிரோகாசு நகமுரா, தனித்துவமான சமன் அமைப்புள்ள குறை அதிர்வு இன்ஜின் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். லான்செஸ்டரின் தண்டுகள் ஒரே உயரத்தில் இருந்தவை. மிட்சுபிஷி அவற்றை ஒன்றை உயரத்திலும் மற்றதைத் தாழ்விலும் வைத்தது. இதனால் மேல்கீழ் உதையோடு, இன்ஜின் பக்கவாட்டில் உருளப் பார்க்கும் அதிர்வின் ஒரு பகுதியும் அடங்கியது. 1975-ல் ‘சைலன்ட் ஷாஃப்ட்’ என்ற பெயரில் வந்துவிட்ட இன்ஜினின் தத்துவத்தை மறு ஆண்டே உலகப் பொறியாளர்கள் முன் விரித்து வைத்தார்கள். காப்புரிமை கையில் இருந்ததால் பயமில்லை. பிறகு சில நிறுவனங்கள் உரிமம் வாங்க வந்தன. 1981 மாடல் கிரைஸ்லர் கார்களில் மிட்சுபிஷியின் 2.6 லிட்டர் சைலன்ட் ஷாஃப்ட் இன்ஜினே நேரடியாக ஏறியது.

கைமாறித் திரும்பிய இன்ஜின்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான ப்யூக் வி6 இன்ஜினின் கதை இன்னும் சுவையானது. எட்டு சிலிண்டர் இன்ஜினுக்குரிய 90 டிகிரிக் கோணத்திலேயே ஆறு சிலிண்டரை அடுக்கியதால் அது ஒழுங்கற்ற இடைவெளியில் எரிந்தது. சீரற்ற அதிர்வோடு ஓடியது. 1967-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதன் தயாரிப்பு இயந்திரங்களையே கைசர் ஜீப்புக்கு விற்றுவிட்டது. ஜீப்காரர்கள் கனமான ஃப்ளைவீலைப் போட்டு அந்தத் தடுமாற்றத்தைச் சமாளித்தார்கள். 1974-ல் எண்ணெய் நெருக்கடிச் சூழலில், சிறிய இன்ஜின் தேவைப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் அதே இயந்திரங்களை, அப்போது ஜீப்பைக் கையில் வைத்திருந்த ஏஎம்சி-யிடமிருந்து திரும்ப வாங்கியது. 1977-ல் கிராங்க்கின் பின்களை 30 டிகிரி விலக்கி வைத்து, சீரான இடைவெளியில் எரியச் செய்தது. 1988-ல் பேலன்ஸர் தண்டும் சேர்ந்தது. ஓர் இன்ஜினின் நடுக்கத்தை அடக்க இரண்டு வீட்டுப் பொறியாளர்கள் உழைத்திருக்கிறார்கள்.

சோதனை அறைக்குள்

இன்றைய என்விஹெச் ஆய்வகத்தில் நுழைந்தால் முதலில் தெரிவது நிசப்தம். சத்தம், அதிர்வு, கரடுமுரடு ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள்தான் என்விஹெச். சுவர் முழுக்க கூர்கூரான நுரைத் தொகுதிகள் எதிரொலியை விழுங்கிவிடும். நடுவில் இன்ஜின், சுமை கொடுக்கும் டைனமோமீட்டரோடு இணைந்து நிற்கும். விரல் நுனி அளவுள்ள முடுக்கமானிகளை இன்ஜின் மவுண்ட்டின் இரு பக்கத்திலும், சீட்டின் கீழும், ஸ்டீயரிங் வளையத்திலும் ஒட்டுவார்கள். ஓட்டுநரின் காது இருக்கும் இடத்தில் மைக்ரோஃபோன்.

இன்ஜினை மெல்ல மெல்ல 1,000 சுற்றிலிருந்து 6,000 வரை ஏற்றுவார்கள். திரையில் ஒரு வண்ண வரைபடம் விரியும். ஒரு பக்கம் வேகம், மறு பக்கம் அதிர்வெண். இன்ஜினால் பிறக்கும் அதிர்வுகள் சாய்ந்த கோடுகளாகத் தெரியும். வேகம் கூடக் கூட அவையும் ஏறும். காரின் உடலுக்கே உரிய அதிர்வுகள் அசையாத செங்குத்துக் கோடுகளாக நிற்கும். சாய்ந்த கோடு செங்குத்துக் கோட்டை வெட்டும் இடத்தில் சிவப்பு எரியும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு விசையிலேயே உயரே போவது போல, அந்த வேகத்தில் சின்ன உதையும் பெரிய நடுக்கமாகும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் ஐடிலிங்கில் 750 சுற்றில் ஓடும்போது, எரிதல் வினாடிக்கு 25 முறை நிகழ்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் 19-க்குச் சற்றுக் குறைவு. சிக்னலில் நிற்கும்போது சில கார்களில் ஸ்டீயரிங் மட்டும் தனியே நடுங்குவது, அந்த எண்ணும் ஸ்டீயரிங் தண்டின் இயல்பு அதிர்வெண்ணும் நெருங்கி வருவதால்தான். இதைக் கண்டுபிடிக்க, விசை அளக்கும் முனை கொண்ட சுத்தியலால் காரின் உடலை ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிக் கேட்கிறார்கள்.

இங்கேதான் பகிர்வின் அவசியம் கண்ணில் படும். முடுக்கமானியை மவுண்ட்டில் ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினால் எண் மாறும். மெழுகால் ஒட்டினால் ஒன்று, போல்ட் போட்டு முடுக்கினால் வேறு. டயரின் காற்றழுத்தம், எண்ணெயின் வெப்பம், தரையின் தார் எல்லாமே விடையை மாற்றும். ஆளுக்கு ஒரு முறையில் அளந்தால், ‘எங்கள் கார் அமைதியானது’ என்று யாரும் யாருக்கும் நிரூபிக்க முடியாது. உதிரிப் பாகம் தரும் சப்ளையருக்கும் எந்த எண்ணைத் தொட வேண்டும் என்று தெரியாது.

அதனால்தான் கடந்து செல்லும் காரின் சத்தத்தை அளக்க ஐஎஸ்ஓ 362 என்ற பொது முறை வந்தது. காரின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக்ரோஃபோன் வைக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்தச் சோதனைச் சாலையின் தார் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே ஐஎஸ்ஓ 10844 என்று தனி நெறி இருக்கிறது. இத்தகைய நெறிகளை எழுதும் குழுக்களில் போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்கிறார்கள்.

எண் இல்லாத வரைபடங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எஸ்ஏஇ நடத்தும் சத்தம்-அதிர்வு மாநாடு, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரக் கருத்தரங்கு, ஜெர்மனியின் ஆகன் ஒலியியல் கூட்டம் ஆகியவை இந்தத் துறையினர் கூடும் இடங்கள். அங்கே ஓர் எழுதாத நாகரிகம் உண்டு. திரையில் காட்டும் வரைபடத்தில் கோடு இருக்கும். அச்சில் எண் இருக்காது. போட்டி நிறுவனத்தின் கார் ‘வாகனம் ஏ’, ‘வாகனம் பி’ என்று மட்டும் வரும். எப்படி அளந்தோம், எந்தப் பாதையில் அதிர்வு உள்ளே வந்தது, எதை மாற்றியதும் குறைந்தது என்பதைச் சொல்வார்கள். எத்தனை டெசிபல் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

இதைவிட ஆழமான கூட்டுறவும் நடக்கிறது. ஜெர்மனியில் 1956-ல் தொடங்கிய எஃப்விவி என்ற இன்ஜின் ஆராய்ச்சிச் சங்கத்தில் போட்டி நிறுவனங்கள் சேர்ந்து பணம் போடுகின்றன, பல்கலைக்கழகங்கள் ஆராய்கின்றன, முடிவு உறுப்பினர் அனைவருக்கும் கிடைக்கிறது. ஜப்பானில் 2014-ல் டொயோட்டா, ஹோண்டா, நிசான், மஸ்தா உள்ளிட்டவை ஏஐசிஇ என்ற பெயரில் இன்ஜின் ஆராய்ச்சிக்காகக் கைகோத்தன. சந்தைக்கு வருவதற்கு முந்தைய அடிப்படை அறிவு மட்டும் பொது. அதை வைத்து என்ன செய்வது என்பது அவரவர் பாடு.

பேசாமலும் பாடம் கேட்கலாம். 1989-ல் டொயோட்டா, லெக்ஸஸ் எல்எஸ்400 காரின் பானெட்டில் ஷாம்பெய்ன் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, உருளைகளின் மேல் சக்கரங்களை முழு வேகத்தில் ஓடவிட்டு விளம்பரம் எடுத்தது. ஒரு கோப்பையும் சரியவில்லை. உலகமெங்கும் போட்டி நிறுவனங்கள் அந்தக் காரைக் கடையில் விலைகொடுத்து வாங்கிப் பிரித்துப் பார்த்தன. அது சட்டப்படி முறையானது. இன்றும் எல்லா நிறுவனங்களும் செய்வது.

ஒரே கேள்விக்கு எத்தனை விடைகள் வரும் என்பதற்கு மூன்று சிலிண்டர் இன்ஜினே சாட்சி. அதில் இரு முனைப் பிஸ்டன்களும் சேர்ந்து இன்ஜினை முன்னும் பின்னும் ஆட்டும். பேலன்ஸர் தண்டு போடுவது ஒரு வழி. ஃபோர்டு 2012-ல் கொண்டுவந்த ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட்டில் அந்தத் தண்டு இல்லை. ஃப்ளைவீலையும் முன்பக்கப் புல்லியையும் வேண்டுமென்றே சமனில்லாமல் செய்து, ஆட்டத்தின் திசையையே மவுண்ட்டுகள் எளிதில் தாங்கும் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த இன்ஜின் பொருத்திய ஈக்கோஸ்போர்ட், மறைமலைநகர் ஆலையிலிருந்து நம் சாலைகளுக்கு வந்தது. நோயை எல்லோரும் சேர்ந்து அளந்தார்கள்; மருந்தில் ஃபோர்டு தனி வழி போனது.

பிரஸ்ஸல்ஸ் போட்ட கோடு

பேச்சு எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. அது அதிர்வு சம்பந்தப்பட்டதல்ல, புகை சம்பந்தப்பட்டது. டெய்ம்லர், பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன், ஆடி, போர்ஷே ஆகிய ஐந்து ஜெர்மன் நிறுவனங்களின் பொறியாளர்களும் பல்லாண்டுகள் தொழில்நுட்பக் குழுக்களாகச் சந்தித்துவந்தார்கள். டீசல் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ திரவத்தின் டேங்க் எவ்வளவு பெரியதாக இருக்கலாம், ஒருமுறை நிரப்பினால் எவ்வளவு தூரம் ஓடலாம் என்றும் அங்கே பேசி ஒத்துக்கொண்டார்கள். சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாக யாரும் சுத்தம் செய்யப் போவதில்லை என்ற நிச்சயம் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது.

2021 ஜூலை 8 அன்று ஐரோப்பிய ஆணையம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் சேர்த்து சுமார் 87.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. முதலில் தகவல் கொடுத்த டெய்ம்லர் தப்பித்தது. விலையையோ சந்தையையோ பங்கிட்டுக்கொள்ளாமல், தொழில்நுட்ப வளர்ச்சியை மட்டும் கட்டிப்போட்டதற்காக ஆணையம் கொடுத்த முதல் கார்ட்டெல் தண்டனை அது.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுப் பொறியாளர்கள் பேசவே கூடாது என்று முடிவுகட்டுவது தவறு. ஆணையமே அந்தச் சந்திப்புகள் அனைத்தையும் குற்றம் என்று சொல்லவில்லை. கோடு தெளிவாக இருக்கிறது. எப்படி அளப்பது என்று சேர்ந்து தீர்மானிப்பது வாங்குபவருக்கு நல்லது. எதுவரை முன்னேறினால் போதும் என்று சேர்ந்து தீர்மானிப்பது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். ‘ஐடிலிங் அதிர்வை ஸ்டீயரிங்கின் இந்தப் புள்ளியில் அளப்போம்’ என்பது முதல் வகை. ‘இதற்குக் கீழே யாரும் குறைக்க வேண்டாம்’ என்று யாராவது சொல்லியிருந்தால், லெக்ஸஸும் பிறந்திருக்காது, ஈக்கோபூஸ்ட்டும் பிறந்திருக்காது.

ஒரகடம் முதல் ஓசூர் வரை

இந்தியாவில் இந்த மரபுக்கு ஒரு வேர் புனேயில் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய ஏஆர்ஏஐ, அரசும் வாகனத் தொழிலும் சேர்ந்து அமைத்த ஆராய்ச்சிச் சங்கம். போட்டி நிறுவனங்களே அதன் உறுப்பினர்கள். அதன் சியாட் கருத்தரங்கில் இந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் கட்டுரை வாசிக்கிறார்கள். எஸ்ஏஇ இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் ஒரே ஆலையில் கார் செய்திருக்கின்றன. அதே வட்டாரத்தில்தான் ராயல் என்ஃபீல்டின் ஆலையும் இருக்கிறது.

அதிர்வைப் பற்றித் தமிழ்நாட்டில் புல்லட் ஓட்டியவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை சிலிண்டரில் ஒரே பிஸ்டன்; அதை எதிர்த்துச் சமன் செய்ய இன்னொன்று கிடையாது. அந்த உதை கைப்பிடி வழியாகத் தோள்வரை ஏறும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மங்கலாகத் தெரியும். 2020-ல் மீட்டியார் 350 வழியாக வந்த புதிய இன்ஜினில் ராயல் என்ஃபீல்டு பேலன்ஸர் தண்டு வைத்தது. ‘டுப் டுப்’ சத்தம் இருந்தது. நடுக்கம் வெகுவாகக் குறைந்தது. லான்செஸ்டர் தொடங்கிவைத்த பேலன்ஸர் தண்டுகளின் பரம்பரையில் இன்னொரு வாரிசு, சென்னையை ஒட்டிய ஆலைகளில் பொருத்தப்படுகிறது.

இப்போது இன்ஜினே விடைபெறத் தொடங்கியிருக்கிறது. அதோடு அதிர்வும் போய்விடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இன்ஜினின் உறுமல் இதுவரை மூடி மறைத்திருந்த சத்தங்கள் எல்லாம் மின்வாகனத்தில் வெளியே வருகின்றன. கியரின் ஊளை, மோட்டாரின் கீச்சு, ஏர்கண்டிஷனர் கம்ப்ரஸரின் முனகல். எட்டுத் துருவ மோட்டார் ஒன்று நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஓடும்போது, அதன் 24-ஆம் வரிசை அதிர்வு 3,600 ஹெர்ட்ஸில் விழுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. அளவில் சிறியதாக இருந்தாலும் எரிச்சலூட்டும். டெசிபல் மீட்டர் ‘அமைதி’ என்று காட்டும் வண்டியில் ஓட்டுபவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

இந்த எரிச்சலை எப்படி எண்ணாக்குவது என்பதுதான் உலகெங்கும் இந்தத் துறையினர் முன்னால் இருக்கும் கேள்வி. இதற்கிடையே, சத்தமே இல்லாத வண்டி நடந்து செல்பவர்களுக்கு ஆபத்து என்பதால், மெதுவாகச் செல்லும் மின்வாகனம் ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐ.நா.வின் 138-ஆம் விதி வந்திருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வரையான வேகத்துக்கு அது பொருந்தும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். டிவிஎஸ், ஏத்தர், ஓலா ஆகிய மூன்று போட்டி நிறுவனங்கள் அந்த ஒரே மாவட்டத்திலிருந்து மின்ஸ்கூட்டர்களை அனுப்புகின்றன. ஸ்கூட்டரில் ஓட்டுபவரின் காதும் கையும் மோட்டாருக்கு மிக அருகில் இருக்கின்றன. நம் ஊர் வேகத்தடைகளும் குண்டும் குழியும் அந்த மோட்டாரின் மவுண்ட்டுகளைத் தேய்க்கும் விதம் ஐரோப்பிய நெறிகளில் எழுதப்பட்டிருக்காது. இதை அளக்கும் முறையை ஏஆர்ஏஐ-யின் மேசையிலோ எஸ்ஏஇ இந்தியாவின் மேசையிலோ இந்த நிறுவனங்கள் சேர்ந்து எழுதினால், சிறிய சப்ளையர்கள் முதல் பொறியியல் கல்லூரி மாணவர்கள் வரை பயன்பெறுவார்கள். மோட்டாரின் வடிவமைப்பையோ மென்பொருளையோ யாரும் வெளியிட வேண்டியதில்லை. சென்சாரை எந்தப் புள்ளியில் ஒட்டினார்கள், எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அளந்தார்கள் என்ற நான்கு விவரங்கள் பொதுவில் வந்தால், அடுத்த ஸ்கூட்டருக்கான வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.